அரசியின் தோழிக்கு முகமில்லை

1876ஆம் ஆண்டு, மார்ச் இருபதாம் தேதி, திங்கட்கிழமை. அன்றைக்குப் பாரிஸில் ஒரு கைவண்டிகூட வாடகைக்குக் கிடைக்கவில்லை. வசந்தகால ஓவியக் காட்சிக்குப் படங்களை ஒப்படைக்க அதுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் காட்சிக்கூடத்தின் கதவை அடைத்துவிடுவார்கள். பிறகு யார் வந்து அழுதாலும் அடுத்த வருஷம்தான்.

காலை ஒன்பது அடித்து நான்கு நிமிஷம் ஆனபோது, கிளிஷி வீதியின் வளைவில் இருந்த வண்ணக்கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு அன்தெல்ம் ரூசியாக் உள்ளே வந்தார். தொப்பி கோணலாக இருந்தது. கோட்டு மார்பில் அரசாங்கம் கொடுத்த சிவப்புப் பட்டை மட்டும் நேராக இருந்தது.

கடைக்காரி மதாம் ஒர்த்தான்ஸ் தலை நிமிர்ந்தாள். கணவன் இறந்த பிறகு பதினொரு வருஷமாகக் கடையைத் தனியாக நடத்துபவள். ஊரில் எந்த ஓவியர் எந்த நிறத்தை எவ்வளவு வாங்குகிறார், யார் இளைத்தார், யார் கொழுத்தார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"வாங்க முசியே. உங்க எண்ணெயைக் காய்ச்சி வச்சிருக்கேன். இந்தத் தடவை ஈயத்தூள் ஒரு பிடி கூடவே போட்டேன். போட்ட வண்ணம் மறுநாளே இறுகிடும். கவலைப்படாதீங்க, உங்களைத் தவிர யாருக்கும் ஒரு சொட்டு கொடுக்கல."

"எண்ணெய் கிடக்கட்டும். உங்க கொழுந்தனார் இருக்காரா?"

ஃபுல்கிரான் மெரெல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, இப்போது அண்ணியின் கடை மாடியில் குடியிருக்கிறார். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து ஒர்த்தான்ஸ் அவசரப்படுவாள்.

"போலீஸுக்குப் போனா நாளைக்கே பேப்பர்ல வந்துரும்" என்றார் ரூசியாக். "அதான் உங்ககிட்ட வந்தேன். என் படத்தை நாசம் பண்ணிட்டாங்க. பைபிள்ல வர்ற எஸ்தர் அரசி மன்னன் முன்னால வந்து நிக்கிற படம். ரெண்டு வருஷ உழைப்பு."

"முழுசுமா?"

"அரசிக்குப் பின்னால அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு தோழி வருவா. அவ முகத்தைத் துடைச்சு எடுத்துட்டாங்க. ஜனவரியில போட்ட முகம், மெரெல்! நேத்து ஞாயித்துக்கிழமை வழக்கம்போல ஸ்டுடியோவைத் திறந்து வச்சேன். அம்பது பேர் வந்து பார்த்தாங்க. அம்பது பேரும் அந்த முகத்துக்கு முன்னாலதான் நின்னாங்க. இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குக் கதவைத் திறந்தா, அங்க ஒண்ணுமில்ல."

"யார் மேல சந்தேகம்?"

"காசிமிர் லஸ்கார். வேற யாரு? முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால ஓவியப் பள்ளியோட ரோம் பரிசு எனக்குக் கிடைச்சப்போ அவன் ரெண்டாவதா வந்தான். அன்னிலேருந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கான். அகாதெமியில காலியான நாற்காலிக்கு நாங்க ரெண்டு பேரும்தான் போட்டி. அவன் புகைக்கிற சுங்கான் என் ஸ்டுடியோ தரையில கிடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "இல்லேன்னா என் மாணவி. ஸெலி பெரூஷ். அடுப்பு மூட்டக் காலையில சீக்கிரம் வருவா. அவகிட்ட ஒரு சாவி இருக்கு."

"உங்களுக்கு என்ன வேணும் முசியே? ஆளைப் பிடிக்கணுமா?"

"மூணு மணிக்குள்ள உங்க கையெழுத்துல ஒரு கடிதம் வேணும். இது நாசவேலைன்னு எழுதணும். ஏன் முகம் மாறியிருக்குன்னு நாளைக்கு அம்பது பேர் கேப்பாங்களே! அப்புறம்... அந்தப் பொண்ணும் இன்னிக்குத் தன் படத்தை முதன்முதலா ஒப்படைக்கப் போறா. தேர்வுக் குழுவுல நானும் ஒருத்தன். குருவோட படத்து மேல கை வச்சவளோட படத்தைக் குழு எப்படிப் பார்க்கும்? அவ படம் உள்ள வராம நிக்கணும்."

மெரெல் குடையை எடுத்தார். ஒர்த்தான்ஸ் அதற்குள் கடைக் கதவைப் பூட்டிவிட்டாள்.

"அண்ணி, நீங்க எதுக்கு?"

"எண்ணெய்ப் புட்டியை யார் கொண்டுவந்து கொடுப்பா தம்பி? நீயா?"

ரூசியாக்கின் ஸ்டுடியோ அவர் வாழ்க்கையைச் சுவரில் மாட்டி வைத்த இடம். காவோர் நகரத்துச் சேணம் தைப்பவரின் மகன் அவர். ரோம் பரிசு வாங்கிய படம் கதவுக்கு நேரே இருந்தது. சாகும் தளபதி, அழும் வீரர்கள். அதை அடுத்துப் பதக்கங்கள். அதற்கும் அடுத்து, அவரிடம் உருவப்படம் போட்டுக்கொண்ட வங்கி முதலாளிகளும் அவர்களுடைய மனைவிமார்களும். எல்லா முகமும் வழவழப்பாக, ஒரு சுருக்கமில்லாமல், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன.

நடுவில் எஸ்தர் நின்றாள், ஆளுயரத்துக்கு மேல். பட்டும் பொன்னும் முத்தும் தொட்டால் கையில் வரும் போலிருந்தன. இடப்பக்கம் தோழி குனிந்திருந்தாள். அவளுடைய முக்காடு இருந்தது, கழுத்து இருந்தது. நடுவே ஒரு கையகலத்துக்குச் சாம்பல் நிற வெற்றிடம். அதில் ரூசியாக் முதலில் வரைந்த கோடுகள் மெலிதாகத் தெரிந்தன.

மெரெல் கால் மணி நேரம் படத்தையும் தரையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒர்த்தான்ஸால் அவ்வளவு நேரம் பொறுக்க முடியவில்லை.

"லஸ்கார்தான்! சுங்கானைப் பாரு தம்பி. அவசரத்துல விட்டுட்டு ஓடியிருக்கான்."

"நேத்து அவர் விருந்தாளியா வந்தாரே அண்ணி. அப்பவே விட்டிருக்கலாம்." அவர் படத்தை நெருங்கிக் குனிந்தார். "முக்காட்டு விளிம்பு வரைக்கும் வந்து நின்னிருக்கு. ஒரு நூல் அளவுகூடத் தாண்டல. எஸ்தர் மேல ஒரு கீறல் இல்ல."

"அதுக்கென்ன?"

"உங்களுக்கு ஒருத்தர் மேல வயித்தெரிச்சல்னா, அவர் வீட்டுப் பூந்தொட்டியை உடைப்பீங்களா, ஜன்னலை உடைப்பீங்களா?"

"ரெண்டையும்" என்றாள் ஒர்த்தான்ஸ். பிறகு விரல்நுனியால் வெற்றிடத்தைத் தொட்டவள், கையை எடுத்து ஒரு கணம் பார்த்தாள். "டர்பென்டைன் போட்டுத் துடைச்ச இடம் வறண்டுல்ல இருக்கணும்? இது லேசா ஒட்டுது. மஞ்சளாவும் இருக்கு."

"தொடாதீங்க மதாம்!" என்றார் ரூசியாக்.

மெரெல் அவர் பக்கம் திரும்பினார். "முசியே, உங்க எண்ணெயை எங்க வைப்பீங்க?"

"அந்த அலமாரியில. பூட்டி." ரூசியாக் தன் கடிகாரச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினார், அதில் ஒரு சின்னச் சாவி தொங்கியது. "என் எண்ணெயை நான் மாணவர்களுக்குக் கொடுக்கறதில்ல. மதாமுக்குத் தெரியும்."

"சரி. முசியே லஸ்காரையும் அந்தப் பொண்ணையும் வரச் சொல்லுங்க."

ஸெலி பெரூஷ் முதலில் வந்தாள். இருபத்தாறு வயது; முழங்கை வரை வண்ணக்கறை. அரசாங்க ஓவியப் பள்ளியில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதால் ஐந்து வருஷமாக ரூசியாக்கிடம் படிக்கிறவள். அவளுடைய படம் துணி சுற்றிக் கீழே கைவண்டியில் இருந்தது. வண்டிக்காகக் காலை ஐந்து மணிக்கே வரிசையில் நின்றாளாம்.

வெற்றிடத்தைப் பார்த்ததும் அவள் கை தன் கன்னத்துக்குப் போயிற்று.

"நேத்து எத்தனை மணிக்குப் போனீங்க?" என்று கேட்டார் மெரெல்.

"நாலு மணிக்கு. ஐயாவோட விருந்தாளிங்க இருக்கும்போதே போயிட்டேன்."

"நீங்க எந்த எண்ணெய்ல வண்ணம் குழைப்பீங்க?"

அவள் குருவை ஒருமுறை பார்த்தாள். "கசகசா எண்ணெய். வெள்ளை வண்ணம் மஞ்சளாகாது. ஆனா காய ரொம்ப நாளாகும். மூணு வாரம் ஆனாலும் ஈரம் போகாது. ஐயாவுக்கு அது பிடிக்காது."

"என் கடையில வாங்குறவதான்" என்றாள் ஒர்த்தான்ஸ். பிறகு மெரெலின் காதருகே குனிந்தாள். "தம்பி, இவதான். நேருக்கு நேரா பார்க்க மாட்டேங்குறா பாரு. அம்பது பேர் புகழ்ந்ததைக் கேட்டுட்டு வயிறு எரிஞ்சிருக்கும்."

"வயிறு எரிஞ்சது நிஜம்தான் அண்ணி. யாரோடதுங்கறதுதான் கேள்வி."

பதினொன்றரைக்கு லஸ்கார் மாடிப்படியில் மூச்சிரைத்துக்கொண்டு வந்தார். பருத்த உடம்பு, நரைத்த தாடி. கோட்டு மார்பில் பட்டை எதுவும் இல்லை.

"டேய் அன்தெல்ம், என் சுங்கானைத் திருப்பிக் கொடுக்கவா போலீஸ்காரரைக் கூப்பிட்ட?" என்றவர் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அடப்பாவி. யாருடா இதைச் செஞ்சது?"

"நீதான்!"

"நானா? நேத்து நான் என்ன சொன்னேன்னு இவர்கிட்ட சொன்னியா?"

ரூசியாக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் மெரெல்.

"அம்பது பேர் நடுவுல சொன்னேன். 'அன்தெல்ம், முப்பது வருஷமா நீ சாட்டின் துணியை நல்லா போடுவ, முகத்தை மெழுகுல செய்வ. இன்னிக்குத்தான் ஒரு மனுஷியைப் போட்டிருக்க. அந்தத் தோழி பயப்படுறா, ஆனா அரசியை விட்டுப் போக மாட்டா, அது ரெண்டும் ஒரே முகத்துல தெரியுது. இந்த ஒரு சாணுக்காகவே அகாதெமி நாற்காலியை நீ எடுத்துக்க, நான் விலகிக்கிறேன்'னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. இவன் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனான். சந்தோஷத்துலன்னு நினைச்சேன்."

மெரெல் ஸெலியிடம் திரும்பினார். "உங்க படத்தைக் கொஞ்சம் மேல கொண்டு வர முடியுமா?"

"அதுக்கு என்ன அவசியம்?" என்றார் ரூசியாக் சட்டென்று. "நேரமாகுது."

"ஐந்து நிமிஷம்தான் முசியே."

லஸ்காரும் ஸெலியும் தூக்கி வந்தார்கள். துணியை அவிழ்த்து, எஸ்தருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். பெரிய படமல்ல. சேன் நதிக்கரையில் துணி வெளுக்கும் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, ஈரக் கையால் நெற்றி முடியை ஒதுக்கியபடி யாரோ கூப்பிட்டதற்குத் தலை தூக்குகிறாள். அவ்வளவுதான். ஆனால் லஸ்கார் அந்த முகத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் புரிஞ்சிருச்சு" என்றார் மெரெல். "ஆனா புரிஞ்சா போதாது, நிரூபிக்கணும். முசியே ரூசியாக், அந்த முகத்தை ஜனவரியில போட்டதா சொன்னீங்க. உங்க எண்ணெய்ல போட்ட வண்ணம் மறுநாளே இறுகிடும்னு அண்ணி சொன்னாங்க. ரெண்டு மாசம் ஆன வண்ணத்தைக் கத்தி வச்சு சுரண்டினாத்தான் போகும். சுரண்டினா அடியில இருக்குற கோடும் போயிரும். ஆனா கோடு அப்படியே இருக்கு. வெறும் துணியும் டர்பென்டைனும் போதுமா இருந்திருக்கு. அப்படின்னா அந்த முகம் இன்னும் காயவே இல்ல. இந்தப் படத்துல காயாத இடம் அது ஒண்ணுதான். மூணு வாரத்துக்குள்ள, கசகசா எண்ணெய்ல போட்ட முகம். நீங்க போட்டதில்ல."

ஸெலி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஐயா தனக்குக் கண்ணு வலின்னாரு. முகம் மட்டும் பாக்கியிருந்துச்சு. நான்தான் போடுறேன்னு சொன்னேன். ஸ்டுடியோவுல அது வழக்கந்தான்."

"வழக்கந்தான்" என்றார் லஸ்கார். "துணி, தூண், வானம் எல்லாம் மாணவங்க போடுவாங்க. முகத்தைக் கொடுக்க மாட்டோம்."

ஒர்த்தான்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "அப்போ நான் சொன்னதுதானே சரி? தான் போட்டதுக்குப் பேரெல்லாம் குருவுக்குப் போச்சு. கோபத்துல தானே அழிச்சுட்டா."

"நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன் அண்ணி. நீங்க விரலை வைக்காம இருந்திருந்தா."

"என் விரலா?"

"ஒட்டுதுன்னீங்க. மஞ்சள்னீங்க. காய்ஞ்ச பரப்பு மேல திரும்ப வண்ணம் போடணும்னா ஓவியர்கள் முதல்ல என்ன செய்வாங்க?"

ஒர்த்தான்ஸின் வாய் மெல்லத் திறந்தது. "எண்ணெய் தடவுவாங்க. லேசா, உள்ளங்கையால. அப்பதான் புது வண்ணம் பிடிக்கும்."

"நாசம் பண்ண வந்தவன் எதுக்கு எண்ணெய் தடவணும்? அழிச்ச கையோட, அதே இடத்துல தானே வரையணும்னு நினைச்சவர்தான் தடவுவார். வேணும்னு செஞ்சிருக்க மாட்டார். நாப்பது வருஷப் பழக்கம், கை தானா செஞ்சிருக்கும். ஸெலியோட கைன்னா கசகசா எண்ணெயைத்தான் எடுத்திருக்கும். அது இன்னும் தண்ணியா வழுக்கும், நிறமும் இருக்காது. இது ஒரே ராத்திரியில ஒட்டுற அளவுக்கு இறுகியிருக்கு. ஈயத்தூள் போட்டுக் காய்ச்சின ஆளிவிதை எண்ணெய். ஊர்ல ஒருத்தருக்குத்தான் அண்ணி அதைக் காய்ச்சுறாங்க. அது பூட்டின அலமாரியில இருக்கு. சாவி ஒரே ஒரு சங்கிலியில தொங்குது."

நுணல் வாயால் கெடும் என்பார்கள். அன்தெல்ம் ரூசியாக் தன் கையால் கெட்டார்.

அவர் மறுக்கவில்லை. கடிகாரச் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார்.

"நேத்து எல்லாரும் போனதும் வரைஞ்சு பார்த்தேன்" என்றார் கடைசியில். "மூணு தடவை. மூணு தடவையும் மெழுகுதான் வந்துச்சு. துடைச்சேன். எனக்கு எல்லாம் தெரியும் மெரெல். எலும்பு தெரியும், தசை தெரியும், எந்தத் துணி எப்படி மடியும்னு தெரியும். இவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நான் சொல்லிக் கொடுக்காத ஒண்ணு இவகிட்ட எப்படி வந்துச்சு?"

"அதனால துடைச்சீங்க?"

"ரெண்டு படமும் ஒரே கூடத்துல தொங்கும். குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சிரும், தோழியைப் போட்டது யார்னு."

"அதோட, முகம் போன பழியை அவ தலையில போட்டா, அவ படம் வாசலைத் தாண்டாது. நாளைக்கு அவ உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க." மெரெலின் குரல் உயரவில்லை. "ஒரே துணியால ரெண்டு முகத்தைத் துடைக்கப் பார்த்தீங்க முசியே."

லஸ்கார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "முப்பத்திரண்டு வருஷமா உன் மேல பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்டா அன்தெல்ம். சோறு இறங்காம பொறாமைப்பட்டேன். தப்பான ஆள் மேல பட்டிருக்கேன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

மெரெல் மேஜையில் கிடந்த ஒரு தாளை எடுத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு உரக்கப் படித்தார்: "'எஸ்தர் படத்தில் தோழியின் முகத்தைத் துடைத்தவர் முசியே ரூசியாக். அம்முகத்தை வரைந்தவர் மத்மோசேல் பெரூஷ்.' நீங்க கேட்ட கடிதம். இது அண்ணியோட கல்லாப்பெட்டியில இருக்கும். குழுவுல இந்தப் பொண்ணோட படத்துக்கு எதிரா உங்க வாய்ல ஒரு சொல் வந்தா, வெளிய வரும்."

"எதிரா பேச மாட்டேன்." ரூசியாக் ஸெலியை நோக்கி ஓர் அடி வைத்தார். "ஸெலி. மணி பன்னெண்டுதான் ஆகுது. நீயே திரும்பப் போட்டுடேன். அதே மாதிரி."

அவள் வெற்றிடத்தை நீண்ட நேரம் பார்த்தாள். கையில் தூரிகை இல்லாவிட்டாலும் விரல்கள் அசைந்தன. எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

"போடுறேன் ஐயா. கீழ என் பேரையும் போடணும்."

அவர் கண் சுவரில் இருந்த பதக்கங்களுக்குப் போயிற்று. தெருவில் வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டுவது கேட்டது.

"அப்போ நான் கிளம்புறேன்" என்றாள் ஸெலி.

லஸ்கார் எழுந்து படத்தின் ஒரு முனையைப் பிடித்தார். ஒப்படைக்கும் படிவம் அதன் பின்புறம் செருகியிருந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் 'ரூசியாக்கின் மாணவி' என்று அவள் கையெழுத்தில் இருந்ததை ஒர்த்தான்ஸ் பார்த்துவிட்டாள்.

"அதை அடிச்சுருடி பொண்ணே! பேனா நான் தரேன்."

"வேணாம் மதாம். அது பொய்யில்லையே" என்றாள் ஸெலி. சொல்லிவிட்டுப் படியில் முதல் அடி வைத்தாள்.

மே முதல் தேதி காட்சி திறந்தது. எஸ்தர் அரசி பெரிய கூடத்தில், கண்ணுக்கு நேரே, சிவப்புக் கயிறு கட்டி மாட்டப்பட்டிருந்தாள். அவளுடைய தோழியின் முக்காடு முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது, முகம் தெரியவில்லை. முக்காட்டின் மடிப்புகள் மிகச் சரியாக இருந்தன. ஜூன் மாதம் அகாதெமி நாற்காலி ரூசியாக்குக்கே கிடைத்தது. லஸ்கார் விலகவில்லை, மூன்று ஓட்டில் தோற்றார்.

வெளுப்புக்காரியின் படத்தைப் பதினான்காம் அறையில், கூரையை ஒட்டி, கழுத்து வலிக்கும் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். மெரெலும் ஒர்த்தான்ஸும் போன அன்று அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கூடி அண்ணாந்து நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி, சிவப்புப் பட்டை அணிந்த ஒருவர்.

"காவக்காரன் சொல்றான் தம்பி, தினமும் வர்றாராம். கதவு அடைக்கிற வரைக்கும் நிக்கிறாராம். இன்னும் என்னத்தைப் பாக்குறாரு?"

மெரெல் அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அதற்குப் பதில் ஒர்த்தான்ஸுக்கே கிடைத்தது. கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ரூசியாக் வந்தார். அவள் வழக்கமான எண்ணெயைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கியபோது, வேண்டாம் என்று கையசைத்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கசகசா எண்ணெய் இருக்கா மதாம்? சின்னப் புட்டி போதும்."